திருச்சியில் இருந்துகொண்டு எந்த டேட்டிங் ஆப்புக்குக் காசு கட்டலாம்?

2025 மார்ச் 8, மாலை (கேள்வி)

வயது 29, ஆண். ஊர் திருச்சி, தில்லைநகர். பெங்களூர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் மூன்றும் போனில் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் காசு கட்ட முடியும். எதற்குக் கட்டலாம்? வீட்டில் ஆறு மாதம் டைம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் யாரும் அமையாவிட்டால் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்களாம்.

மார்ச் 8, இரவு 10.40

ஒன்றுக்கும் கட்டாதே தம்பி. நானும் திருச்சிதான், உறையூர். இப்போது சென்னை ஆதம்பாக்கம். வயது 36, பெண், விவாகரத்து ஆகி நாலு வருஷம், ஆப் பழக்கம் மூன்று வருஷம். திருச்சியில் எந்த ஆப்பைத் திறந்தாலும் அதே ஆட்கள்தான். காசு கட்டினால் அதே ஆட்களை இன்னும் சீக்கிரம் பார்த்து முடிப்பாய், அவ்வளவுதான்.

மார்ச் 9

"அதே ஆட்கள்" என்றால் எப்படி என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் எல்லோரும் தூங்கப் போன பிறகு மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து டிண்டரைத் திறந்தேன். தூரம் பத்து கிலோமீட்டர் என்று வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் ஊரே தீர்ந்துவிட்டது. தீர்வதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது என் அத்தை பையன். "1 கி.மீ. தூரத்தில்" என்று போட்டிருந்தது. புல்லட் மேல் சாய்ந்து நிற்கிற படம். அந்தப் புல்லட் என் மாமாவுடையது. பெண்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான் என்று அத்தை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பையன்.

வேண்டாம் என்று இடது பக்கம் தள்ளிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். மறுநாள் அத்தை வீட்டில் சாப்பாடு. அவன்தான் பரிமாறினான். அவனும் என்னைப் பார்த்துவிட்டான் என்பது ரசம் ஊற்றிய வேகத்திலேயே தெரிந்தது. பாதி இலைக்கு வெளியே.

டிண்டரில் போன்புக்கில் இருக்கிறவர்களைத் தடுக்க வசதி இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. சொந்த ஊரில் திறப்பதற்கு முன்னால் முதல் வேலையாக அதைச் செய்.

மார்ச் 9, அதே இரவு

அத்தை பையனோடு இன்னும் பேச்சு உண்டா என்று கேட்டவருக்கு: பேசிக்கொள்கிறோம், பேசிக்கொள்கிறோம். புல்லட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மார்ச் 12

ஆடிட்டர் ஆபீஸ், மார்ச் மாதம், இதற்கெல்லாம் நேரமே கிடையாது. இருந்தாலும் டீ குடிக்கும்போது யோசித்தேன். முதல் நாள் கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஆப் உன்னைப் பற்றி முதலில் என்ன கேட்கிறது என்று பார். மேட்ரிமோனி தளம் சாதி, நட்சத்திரம், சம்பளம் என்று ஆரம்பிக்கும். எனக்கு அங்கே கூடுதலாக ஒரு கட்டமும் உண்டு, "மறுமணம்". அதில் டிக் போட்ட மறுநாளிலிருந்து ஐம்பது வயதுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். டிண்டர் கேட்பது முகம். 2012ல் வந்தபோதும் படம், வலது, இடதுதான். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

பம்பிளும் முகம்தான். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் விரும்பி மேட்ச் ஆன பிறகு பெண்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள். இல்லாவிட்டால் மேட்ச் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? போன மார்ச்சில் ஒரே வாரத்தில் ஐந்து மேட்ச் எனக்குக் காலாவதி ஆனது. ஐந்து பேரிடமும் என்ன எழுதுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. எழுதிய நாட்களிலும் நான் "ஹாய்" என்பேன், அவரும் "ஹாய்" என்பார், கதை முடிந்தது. 2024ல் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். பெண் ஒரு கேள்வியை முன்னாலேயே போட்டு வைக்கலாம், மேட்ச் ஆனவர் அதற்குப் பதில் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம். நான் போட்டது: "கடைசியாக எப்போது அழுதீர்கள்?" பதினோரு பேரில் ஏழு பேர் "நான் அழ மாட்டேன்" என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும் "நேற்று, வெங்காயம்" என்றார். அவரைச் சந்தித்தேன். நல்ல மனிதர். வெங்காயத்தைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை.

ஹிஞ்சில் ஆறு படம், ஆப் கேட்கும் கேள்விகளுக்கு மூன்று பதில். யாராவது லைக் போட வேண்டுமென்றால் அந்த ஆறில் ஒன்றையோ மூன்றில் ஒன்றையோ தொட்டுத்தான் போட வேண்டும். கூடவே ஒரு வரியும் எழுதலாம். அதனால் பேச்சுக்கு ஒரு நூல் நுனி கிடைக்கிறது. இலவசக் கணக்கில் நாளைக்கு எட்டு லைக். உன்னை யார் விரும்பினார்கள் என்பதையும் ஒவ்வொருவராகக் காசில்லாமல் பார்க்கலாம். டிண்டரில் அந்த முகங்கள் மங்கலாக இருக்கும், தெளிவாகப் பார்க்கக் காசு. ஆக, ஒன்றுதான் என்றால் ஹிஞ்ச். வைத்துக்கொள், கட்டாதே.

எப்படியும் மூன்றுக்கும் ஒரே முதலாளிதான்.

மார்ச் 13

கடைசி வரி தப்பு. திருத்திய அண்ணனுக்கு நன்றி. டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் எல்லாம் மேட்ச் குரூப். பம்பிள் தனி. அதை ஆரம்பித்த விட்னி வுல்ஃப் ஹெர்ட் முன்பு டிண்டரில் இருந்தவர். 2014ல் அங்கிருந்து வெளியே வந்து வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது, அதே வருஷம் பம்பிள் வந்தது. இந்தியாவுக்கு வந்தது 2018 டிசம்பரில். இங்கே பெண்கள் பெயருக்குப் பதிலாக முதலெழுத்தை மட்டும் காட்டலாம் என்று அப்போதே வைத்தார்கள். நான் இன்றுவரை அங்கே வெறும் ஒற்றை எழுத்துதான். பெயர் தெரிந்தால் லிங்க்டின், லிங்க்டினில் ஆபீஸ், ஆபீஸ் தெரிந்தால் வாசலில் ஆள். ஒரு தடவை பட்டாயிற்று.

நம்மூர்ச் சரக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐல் என்ற டேட்டிங் ஆப் 2014ல் பெங்களூரில் ஆரம்பித்தது. மலையாளத்துக்கு அரிகே, தமிழுக்கு அன்பே என்று தனித்தனி ஆப்பும் விட்டார்கள். 2022ல் இன்ஃபோ எட்ஜ் 76 சதவீதம் வாங்கியது. நௌக்ரி, 99ஏக்கர்ஸ், ஜீவன்சாத்தி எல்லாம் வைத்திருக்கிற அதே கம்பெனி. வேலை, வீடு, கல்யாணம், காதல் எல்லாம் ஒரே கடையில்.

மார்ச் 20

ஓகேக்யூபிட் பற்றிக் கேட்டவருக்கு. எனக்குப் பிடித்த பொருத்தக் கணக்கு அதனுடையதுதான், ஆனால் சென்னையில் எனக்கு அங்கே ஆள் கிடைக்கவில்லை. 2004ல் ஹார்வர்டில் படித்த நாலு பேர் ஆரம்பித்தது. கேள்வி கேள்வியாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் உன் பதில் என்ன, எதிராளி என்ன சொன்னால் உனக்குச் சம்மதம், அது உனக்கு எவ்வளவு முக்கியம் என்று மூன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவர்கள் விளக்கிய கணக்கில் "முக்கியமே இல்லை" என்றால் 0, "கொஞ்சம்" என்றால் 1, "ஓரளவு" 10, "ரொம்ப" 50, "கட்டாயம்" 250.

படித்தவுடன் எனக்கு ரஜ்ஜுதான் ஞாபகம் வந்தது. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜோசியர் ஜாதகத்தை மடித்துவிடுவார். ரஜ்ஜுதான் ஜோசியரின் 250.

அடுத்தது இன்னும் அழகு. அவனை எனக்கு 90 சதவீதம் பிடிக்கும், என்னை அவனுக்கு 40 என்று வைத்துக்கொள். சாதாரணச் சராசரி 65. அவர்கள் அப்படிப் போடவில்லை, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தார்கள். 60 வரும். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம். ஒருதலைக் காதலுக்கு மதிப்பில்லை என்பதை ஒரு வரிக் கணக்கில் முடித்துவிட்டார்கள்.

என் கல்யாணத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது. இல்லாத இரண்டில் என்ன இருந்ததோ.

மார்ச் 22

கணக்கு பேசினால் கூட்டம் சேருமென்று தெரியாது. ஹிஞ்சிலும் ஒன்று இருக்கிறது. தினம் ஒருவரை "இவர் உனக்கு ஒத்துவருவார்" என்று நீட்டும். 2018ல் அதை அறிமுகம் செய்தபோது கேல், ஷாப்லி என்ற இரண்டு கணிதக்காரர்களின் முறை என்று சொன்னார்கள். 1962ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் விஷயமே கல்லூரி அட்மிஷனும் கல்யாணமும்தான். இரண்டும் ஒரே கவலை என்று நம் அம்மாக்களுக்கு அமெரிக்காக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷாப்லிக்கு 2012ல் பொருளாதார நோபல் கிடைத்தது, ரோத் என்ற பொருளாதார நிபுணரோடு சேர்த்து. கேல் அதற்குள் இறந்துவிட்டார்.

அதில் ஒரு முடிவு உண்டு. எந்தப் பக்கம் போய்க் கேட்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் கிடைக்கக்கூடியதில் நல்லது அமையும். காத்திருக்கிற பக்கத்துக்கு இருப்பதில் கடைசி. இதைப் படித்த பிறகு பம்பிள் மேல் கோபம் குறைந்தது. ஐந்து மேட்ச் போனது என் சோம்பேறித்தனம்.

ஏப்ரல் 6

ஆண்டுக் கணக்கு முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

"டேட்டிங் ஆப்பில் சாதி இல்லை, அதுவே பெரிய விஷயம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டம் இல்லை என்பது உண்மை. மோப்பம் உண்டு.

போன ஜூலையில் என் ப்ரொஃபைலில் ஒரு பதிலை மாற்றினேன். அதுவரை இங்கிலீஷில் எல்லோரும் எழுதுகிற பயணம், நாய்க்குட்டி, காபி வகையறாதான். அதை எடுத்துவிட்டுத் தமிழில் "தயிர்சாதத்துக்கு வடுமாங்காயா, மாகாளியா? சண்டைக்கு வாருங்கள்" என்று போட்டேன். இரண்டே நாளில் வந்த லைக் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் வந்ததை விட அதிகம். மாகாளிக் கிழங்கு ஊறுகாய்க்கு மூட்டைப்பூச்சி வாசனை என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். (வாசனை உண்மைதான். அதுதான் அதன் ருசி.)

அதில் ஒருவர் ரொம்ப அழகாக எழுதினார். அவர் பாட்டி மோரில் போடுவது, ஜாடியை வெள்ளைத் துணியால் கட்டுவது எல்லாம். நாலு நாள் பேசினோம். ஐந்தாம் நாள் ஆரம்பித்தது.

"நேட்டிவ் எது?"
"திருச்சி."
"திருச்சியில?"
"உறையூர்."
"உறையூர்ல எந்தத் தெரு?"

திருச்சிக்காரருக்குத் தெரியும், தெருப் பெயர் வழி கேட்பதற்கு மட்டுமில்லை. நான் சொல்லவில்லை. "மாகாளி சாப்பிடுவீங்கன்னா எங்களவாதானோன்னு நினைச்சேன்" என்று ஒரு சிரிப்பு பொம்மை போட்டார். மாகாளி எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை, ஆதம்பாக்கத்தில் கீழ் வீட்டு மாமி கொடுத்துப் பழக்கினது, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி என்று எழுதினேன். மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? மேட்ச் போய்விட்டது. பாட்டி, ஜாடி, வெள்ளைத் துணி எல்லாம் சேர்ந்து.

இதற்கு அந்த ஆப் என்ன செய்யும் சொல்லுங்கள். மேட்ரிமோனி தளத்தில் இந்த ஆள் முதல் கட்டத்திலேயே என்னைக் கழித்திருப்பார், எனக்குத் தெரிந்தே இருக்காது, நாலு நாள் மிச்சம். அன்றைக்கு இரவு அப்படித்தான் தோன்றியது. காலையில் வேறு மாதிரி. கட்டத்தில் கழிந்திருந்தால் அவர் யாரிடமும் தெருப் பெயர் கேட்க வேண்டியே வந்திருக்காது. இங்கே கேட்க வேண்டி வந்தது, எழுத்தில் இருந்தது, நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கு என்ன லாபம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மார்ச் 12ல் நான் சொன்ன "ஆப் முதலில் என்ன கேட்கிறது" தியரிக்கு இது ஒரு ஓட்டை. ஆப் கேட்காததை ஆள் கேட்பார்.

ஏப்ரல் 7

குலதெய்வம் எங்கே என்பதும் அதே சாதிக் கேள்விதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம். "நீங்க வெஜ்ஜா" என்பதும் பாதி நேரம் அதே.

ஜூன் 2

காசு கட்டிவிட்டேன் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார், கேட்டவர் இல்லை, வேறொருவர். சரி, கட்டியவர்கள் கவனத்துக்கு.

ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. உங்கள் கணக்கும் அழியாது. இரண்டும் தனித்தனி. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், எனக்கே இது நடந்தது. பெயர் வேண்டாம், ஒரு ஆப்பில் ஒரு மாதம் என்று நினைத்துக் கட்டினேன், வெறுத்துப்போய் அழித்தேன். மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு மருந்துச் செலவு பார்க்க வங்கிக் கணக்கைத் திறந்தால் மூன்று தடவை பணம் போயிருக்கிறது. ஊரில் உள்ள கம்பெனிக்கெல்லாம் ஐந்து ரூபாய் வித்தியாசம் கண்டுபிடிப்பேன், என் கணக்கைப் பார்க்கவில்லை.

ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர் போய் உங்கள் படத்தைத் தொட்டால் "பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" வரும், அங்கே ரத்து செய்யுங்கள். யூபிஐ மூலம் கட்டியிருந்தால் ஜிபேயோ போன்பேயோ, அதில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். ஆப்புக்குள் போய்க் கணக்கை டெலீட் செய்வது அதற்குப் பிறகு. அழித்த ஆப்பில் உங்கள் முகம் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் பதில் சொல்லவில்லை என்று யாரோ திட்டிக்கொண்டிருப்பார்.

ஜூலை 19

முதல் சந்திப்பு எங்கே என்றால் எனக்கு எப்போதும் எலியட்ஸ் பீச், சாயங்காலம் ஆறு மணி. கூட்டம் இருக்கும், சுண்டல் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் எழுந்து நடக்கலாம். என் ஸ்கூட்டியில்தான் போவேன், என் ஸ்கூட்டியில்தான் வருவேன்.

பையன்களுக்குத் தனியாக ஒன்று. "எனக்கு அந்தக் கஃபேதான் பிடிக்கும்" என்று அவள் ஒரே இடத்தில் பிடிவாதமாக நின்றால் மெனுவையும் விலையையும் முன்னாலேயே பார். டெல்லியிலும் மும்பையிலும் இதையே தொழிலாகச் செய்து, பல்லாயிரம் ரூபாய் பில் நீட்டி, போலீஸ் பிடித்த கும்பல்கள் உண்டு. இன்னொரு வகை நேரில் வரவே வராது, ஒரு மாதம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு ட்ரேடிங் சொல்லித்தருகிறேன் என்று ஆரம்பிக்கும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930க்கு அடி. சைபர் கிரைம் எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாயோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு.

ஆகஸ்ட் 17

செய்தி பார்த்தீர்களா? அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2019ல் மேட்ச் குரூப் மேல் போட்ட வழக்கு இந்த மாதம் 1.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆகிவிட்டது. குற்றச்சாட்டில் ஒன்று, மோசடிக் கணக்கு என்று சந்தேகப்பட்டவற்றிலிருந்து வந்த "யாரோ உங்களை விரும்புகிறார்" அறிவிப்பைக் காட்டி மேட்ச் டாட் காமில் சந்தா கட்ட வைத்தார்கள் என்பது. சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிட்டார்கள் என்பது இன்னொன்று. ஜூன் 2 அன்று என்னை "படித்த முட்டாள்" என்றவர் வந்து வாபஸ் வாங்கலாம். அவ்வளவு பெரிய ஊரிலும் முட்டாள்கள் இருந்திருக்கிறோம்.

செப்டம்பர் 6

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டது: ஆணுக்கு ஆண் தேடினால் இந்த மூன்றில் எது? மூன்றிலும் அந்தத் தேர்வு இருக்கிறது. ஆண்களைத் தேடும் ஆண்களுக்கென்று 2009லிருந்து இருக்கும் கிரைண்டர் ஆப்பை உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் நடக்காத தெரு, அதிகம் பேச மாட்டேன். பொய்க் கணக்கு வைத்து வரவழைத்து மிரட்டிப் பணம் பறிப்பது நம்மூரிலும் நடந்திருக்கிறது, அதனால் தூரம் காட்டுவதை அணைத்து வையுங்கள், தனி இடத்துக்கு முதல் தடவையே போக வேண்டாம். மிரட்டினால் பயந்து கொடுக்காதீர்கள். ஒருபாலுறவு குற்றமில்லை என்ற 377 தீர்ப்பு வந்து இன்றோடு சரியாக ஏழு வருஷம். வயது வந்த இருவர் சம்மதித்துச் சந்திப்பது குற்றம் இல்லை, மிரட்டுகிறவன்தான் குற்றவாளி.

நவம்பர் 16

கேள்வி கேட்ட தில்லைநகர்த் தம்பி திரும்ப வந்திருக்கிறான். ஆறு மாதம் செப்டம்பரில் முடிந்து ஜாதகம் வெளியே வந்துவிட்டது. அம்மா ஒரு மேட்ரிமோனி தளத்தில் போட்டிருக்கிறார். வந்த வரன்களில் ஒரு பெண், சொந்த ஊர் கரூர், வேலை பெங்களூர் கோரமங்களா. இவன் கம்பெனி அதே பேட்டைதானாம். பெண் பார்க்கப் போய், மாடியில் தனியாகப் பேசவிட்டபோது அவள் முதலில் கேட்டது, "நீங்க ஹிஞ்ச்ல இருக்கீங்களா?" இருவரும் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை வருஷமாக இருவரும் அதே ஆப்பில். இவன் ஊர் திருச்சி, தூரம் முப்பது கிலோமீட்டர் என்று வைத்திருந்தான். இவள் பெங்களூர்.

பஜ்ஜி ஆறுவது தெரியாமல் அரை மணி நேரம் ஒருவர் பதிலை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்களாம். கீழே பெரியவர்கள் பயந்துவிட்டார்கள்.

இது என் தப்பும்தான். மார்ச் 8 அன்று அவன் முதல் வரியிலேயே எழுதியிருந்தான், பெங்களூர் கம்பெனி என்று. திருச்சியில் அதே ஆட்கள்தான் என்று ரசம் கதை சொன்னேனே தவிர, ஹிஞ்சில் இடத்தை வரைபடத்தில் நீயே மாற்றி வைத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை, பெங்களூருக்கு மாற்று என்று சொல்லத் தோன்றவில்லை. எட்டு மாதமாக இங்கே கணக்கு பேசியிருக்கிறேன்.

நவம்பர் 16, இரவு

இல்லை, இன்னும் நிச்சயம் ஆகவில்லை. ஏழு பொருத்தம்தானாம். அவன் அம்மா யோசிக்கிறார், ரஜ்ஜு இருக்கிறது.

நவம்பர் 18

ஆட்டோபே எங்கே என்று மறுபடி கேட்டவருக்கு: மேலே ஜூன் 2. என் இடத்தை நானும் நேற்று மாற்றிப் பார்த்தேன், கோயம்புத்தூருக்கு. மூன்று லைக் வந்திருக்கிறது. ஒருவர் மாகாளிதான் என்கிறார். தெரு கேட்கவில்லை, இதுவரை.